ஓட்டோ கியர்பொக்ஸ் மாத்தினதுக்குப் பிறகு வாற வருத்தங்கள்: வாசகர் கேள்விக்குப் பதில்

இந்த முறை கூடுதலா வந்தது ஓட்டோ கியர்பொக்ஸ் மாத்தின ஆக்கள்ட கேள்விதான். கொழும்பு பஞ்சிகாவத்தையில இருந்து ஜப்பான் பொக்ஸ் ஒண்டு லொறியில வந்திறங்கும், அவசரம் அவசரமாப் பூட்டி முடிப்பாங்க, மறுகாதான் சத்தம், ஒழுக்கு, இழுவை இல்ல எண்டு தொடங்கும். பொக்ஸ் வித்தவனை ஏசுறதுக்கு முந்தி இதை ஒருக்கா வாசிங்க, அரைவாசிப் பிரச்சினை கொன்வேட்டரும் (எஞ்சின் சுத்தலை ஒயிலால பொக்ஸுக்குக் கடத்துற பாகம்) பிளெக்ஸ் பிளேட்டும் (எஞ்சின் கிராங் முனையில பூட்டி கொன்வேட்டரைப் பிடிக்கிற மெல்லிய தட்டு) சந்திக்கிற அந்த இடத்திலதான் கிடக்கு.

செங்கலடியில இருந்து ஒரு தம்பி: அண்ணன், கரோலா 121க்கு வேற பொக்ஸ் பூட்டுறம். பெல் ஹவுசிங் (கொன்வேட்டரை மூடுற, பொக்ஸ்ட முன் கூடு) எஞ்சினோட முட்ட இன்னும் ஒரு விரல் அளவு கிடக்கு. போல்ட்டப் போட்டு இறுக்கினாத் தானா வந்து சேரும் எண்டு பாஸ் சொல்றார், இறுக்கலாமா?

வேணாம் தம்பி, ஸ்பானரைக் கீழ வையுங்க. பெல் ஹவுசிங் கையால தள்ளியே எஞ்சினோட போய்ப் படியணும், போல்ட் அதைப் பிடிச்சு வைக்கிறதுக்குத்தான், இழுக்கிறதுக்கில்ல. முதல்ல நடுவில வயர் கட்டு ஏதும் மாட்டியிருக்கா, டவல் பின் (எஞ்சினையும் பொக்ஸையும் நேராப் பொருத்துற சின்னக் குழாய்) ஓட்டையில நேராப் போகுதா எண்டு பாருங்க. அது ரெண்டும் சரியெண்டா கொன்வேட்டர் உள்ளுக்கு முழுசாப் போகல்ல எண்டுதான் அர்த்தம். அது உள்ளுக்குள்ள மூண்டு இடத்தில பிடிக்கணும்: டேர்பைன் (கொன்வேட்டருக்குள்ள பொக்ஸைச் சுத்துற சில்லு) போய் இன்புட் ஷாப்ட் ஸ்ப்லைன்ல (நீளப் பல்லுல), ஸ்டேட்டர் (நடுவில இருக்கிற சில்லு) அதைச் சுத்தி அசையாம நிக்கிற குழாயிட ஸ்ப்லைன்ல, கடைசியா கொன்வேட்டர் கழுத்தில இருக்கிற வெட்டு ஒயில் பம்ப் கியர்ல. முதல் ரெண்டும் லேசாப் பிடிச்சிடும், மூண்டாவதுதான் ஆளை ஏமாத்தும், போயிட்டுது எண்டு நினைச்சுப் பூட்டினா பம்ப் கியர் வாயில குந்திக்கொண்டிருக்கும், நீங்க இறுக்க இறுக்க அந்தப் பாரமெல்லாம் பம்ப்பில இறங்கி கியர் வெடிக்கும்.

பொக்ஸை இறக்குங்க. ஏலுமெண்டா பெல் வாய் மேல பாக்க நிமித்தி வைங்க. கொன்வேட்டருக்குள்ள ஒரு லீற்றர் போல ஏடிஎப் (ஓட்டோ பொக்ஸ் ஒயில்) ஊத்தி, கழுத்துக்கும் சீலுக்கும் ஒயில் பூசி, ரெண்டு கையாலயும் பிடிச்சு மெதுவாச் சுத்திச் சுத்தி அமத்துங்க. ஒவ்வொரு இடம் பிடிக்கேக்கயும் ஒரு 'டொக்' எண்டு கொஞ்சம் கீழ இறங்கிறது கையில தெரியும். மறுகா பெல் ஹவுசிங் வாய்க்குக் குறுக்கால நேரான இரும்பு ரூல் ஒண்டை வைச்சு, அதில இருந்து கொன்வேட்டர்ட போல்ட் காது வரைக்கும் வேர்னியரால அளந்து பாருங்க. அந்தப் பொக்ஸுக்குரிய அளவு வேர்க்‌ஷொப் மெனுவல்ல இருக்கும். மெனுவல் கையில இல்லையா, கழட்டின பழைய பொக்ஸ் கொன்வேட்டரோட அங்கதான கிடக்கு, ரெண்டும் ஒரே மொடல் எண்டா முதல் அதை அளங்க. புதுசு வடிவா ஓடுற வரைக்கும் பழையதை இரும்புக்காரனுக்குக் குடுக்காதீங்க எண்டு நான் சொல்றது இதுக்குத்தான்.

காத்தான்குடி வாசகர்: பெல் ஹவுசிங் கையாலயே வந்து படிஞ்சிட்டுது காக்கா. இப்ப பிளெக்ஸ் பிளேட்டுக்கும் கொன்வேட்டருக்கும் நடுவில எவ்வளவு இடைவெளி இருக்கணும்?

கொன்வேட்டரை உள்ளுக்குக் கடைசி மட்டும் தள்ளி வைச்சிட்டுப் பாத்தா 3 மி.மீ.க்கும் 5 மி.மீ.க்கும் இடையில இருந்தா நல்லம். இது அமெரிக்கன் பொக்ஸ்காரர் பாவிக்கிற கணக்கு, ஜப்பான் வண்டிக்கு மேல சொன்ன பெல் வாய் அளவுதான் முதல்ல பாக்கவேண்டியது, ஆனா இடைவெளியே இல்லாம முட்டிக்கொண்டு நிண்டா அது எந்த வண்டிக்கும் கூடாது. அளக்கிறதுக்குப் பெரிய சாமான் ஒண்டும் வேணாம், கீழ டஸ்ட் கவரைக் கழட்டிட்டு 3 மி.மீ. ட்ரில் பிட்ட மழுங்கல் பக்கத்தை இடையில விட்டுப் பாருங்க, போகணும், 5 மி.மீ. பிட் போகக்கூடாது. கொன்வேட்டரைக் கையால சுத்தினாலும் தடையில்லாமச் சுத்தணும்.

இடைவெளி இல்லாட்டி கொன்வேட்டர் சூடாகி ஒயில் பிரஷர்ல கொஞ்சம் ஊதேக்க போறதுக்கு இடமில்ல, பின்னால பம்ப்பை நெரிக்கும், முன்னால கிராங் ஷாப்ட்ட த்ரஸ்ட் பெயாரிங்கை (கிராங் முன்னுக்குப் பின்னுக்கு நகராமப் பிடிக்கிறதை) தின்னும். கூடிப்போச்செண்டா மற்றப் பக்கம் பிழை, போல்ட் இறுக்கேக்க கொன்வேட்டர் முன்னுக்கு இழுபட்டு பம்ப் கியர்ல நுனி மட்டும்தான் பிடிச்சுக்கொண்டிருக்கும், கொஞ்ச நாளையில வெட்டுத் தேஞ்சிடும். அப்படிக் கூடினா ஒவ்வொரு போல்ட்டுக்கும் ஒரே தடிப்பான கெட்டி வொஷர் போட்டுக் குறைக்கலாம். ஒண்டுக்கு ஒண்டு, மற்றதுக்கு ரெண்டு எண்டு போட்டா பிளேட் கோணும். வொஷருக்கு ஓடுறதுக்கு முந்தி பழைய பிளேட்டில ஸ்பேசர் (இடை வளையம்) ஒண்டு கழட்டுப்பட்டுக் கிடக்கா எண்டும் பாருங்க, டொயோட்டாவில பிளேட்டுக்கு முன்னுக்கும் பின்னுக்கும் ஸ்பேசர் வாற எஞ்சின் இருக்கு, அது கராஜ் மூலையில எங்கயாவது உருண்டு கிடக்கும்.

அக்கரைப்பற்று: பொக்ஸ் மாத்தி ரெண்டு மாசம். ஐட்லிங்ல 'டக் டக்' எண்டு ஒரு தட்டல். ரெண்டு கராஜில பிக் எண்ட் (எஞ்சினுக்குள்ள இருக்கிற கொனெக்டிங் ரொட் பெயாரிங்) போயிட்டுது, எஞ்சின் இறக்கணும் எண்டாங்க.

எஞ்சின் இறக்க அவசரப்படாதீங்க. வெடிச்ச பிளெக்ஸ் பிளேட் அச்சொட்டா பிக் எண்ட் சத்தம்தான் போடும். பிரேக்கை மிதிச்சுக்கொண்டு பீ-யில இருந்து டீ-க்குப் போட்டுப் பாருங்க, பாரம் ஏறேக்க சத்தம் மாறினாலோ இல்லாமப் போனாலோ எனக்குப் பிளேட்டிலதான் சந்தேகம். நிச்சயப்படுத்தணும் எண்டா கொன்வேட்டர் போல்ட் எல்லாத்தையும் கழட்டி, கொன்வேட்டரைப் பின்னுக்குத் தள்ளி, பிளேட்டில முட்டாம இருக்கா எண்டு பாத்திட்டு, எஞ்சினைக் கொஞ்ச நேரம் மட்டும் ஸ்டார்ட் பண்ணுங்க. சத்தம் நிண்டா எஞ்சின் சுகம், வருத்தம் பின்னால. வெடிப்பு பெரும்பாலும் கிராங் போல்ட் ஓட்டைகளைச் சுத்தி மயிரிழை போலத்தான் ஓடும், டோர்ச் அடிச்சு, ஒயிலைத் துடைச்சிட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா புதுப் பிளேட் ஒண்டைப் போட்டுட்டு விடாதீங்க, பிளேட் சும்மா வெடிக்காது, பெரும்பாலும் பொக்ஸ் கோணலா நிக்கும். அது ஏனெண்டு அடுத்த பதில்ல இருக்கு.

களுவாஞ்சிகுடி: முன் சீல் புதுசு, ஆனா பெல் ஹவுசிங் அடியால ஏடிஎப் சொட்டுது. சீல் ரெண்டு தரம் மாத்தியாச்சு.

டவல் பின் ரெண்டும் இருக்கா? எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில அந்த ரெண்டு சின்னக் குழாய்தான் ரெண்டையும் ஒரே நேரில நிப்பாட்டுறது, போல்ட் ஓட்டை கொஞ்சம் லூசாத்தான் இருக்கும். கடலுக்கும் வாவிக்கும் நடுவில ஓடுற நம்மட வண்டிகள்ல உப்புக்காத்துக்கு அந்த இரும்பு பின் அலுமினியத்துக்குள்ள துருப்பிடிச்சு இறுகிடும், கழட்டேக்க அடிச்சு உடைப்பாங்க, இல்லாட்டிப் பழைய பொக்ஸோடயே போயிடும், ஆரும் தேடமாட்டாங்க. பொக்ஸ் அரை மி.மீ. விலகினாலும் கொன்வேட்டர் கழுத்து ஆடி ஆடி பம்ப் புஷ்ஷை (கழுத்து உள்ளுக்குச் சுத்துற வளையத்தை) தேய்க்கும், புஷ் போனா எந்தச் சீலும் நிக்காது. பின்னைப் போட்டு, புஷ்ஷைப் பாத்து, கழுத்தில கீறல் இருக்கா எண்டு நகத்தால தடவிப் பாத்திட்டு மூண்டாவது சீலை வாங்குங்க.

வாழைச்சேனை: மாத்தினதுக்குப் பிறகு அறுபது போல ஓடேக்க வண்டி கல்லு ரோட்டில போறமாதிரி நடுங்குது, அக்சிலேட்டரை விட்டா நிக்குது.

அது லொக்அப் கிளச் (ஓடேக்க எஞ்சினையும் பொக்ஸையும் நேராச் சேக்கிற, கொன்வேட்டருக்குள்ள இருக்கிற கிளச்) பிடிக்கிற நேரம். ஒயில் பிழையெண்டாலும் இது வரும், முதல் அதைப் பாருங்க, டொயோட்டாவில டபிள்யூஎஸ் ஒயில் கேக்கிற பொக்ஸுக்கு டீ-போர் ஒயில் ஊத்தினா சரிவராது. ஒயில் சரியெண்டா நான் கேக்கிறது கொன்வேட்டர் போல்ட் பழையதா, கடையில வாங்கினதா எண்டுதான். நீளம் கூடின போல்ட் நுனியால கொன்வேட்டர் முகத்தைக் குத்தி உள்ளுக்குத் தள்ளும், அதுக்கு நேர பின்னாலதான் லொக்அப் கிளச் வந்து படியிற இடம் இருக்கு. அப்படிக் குழிஞ்சா கொன்வேட்டரை மாத்துறதைத் தவிர வேற வழியில்ல. அந்தந்த பொக்ஸுக்கு வந்த போல்ட்டைத்தான் போடணும், எல்லாத்தையும் முதல் கையால பிடிக்க வைச்சிட்டுத்தான் இறுக்கணும், சில டொயோட்டாவில ஒரு போல்ட் மட்டும் வேற கலரில வரும், அதைத்தான் முதல் போடணும்.

சம்மாந்துறை: இறுக்கித்தான் பூட்டினோம், இப்ப முன்னுக்கும் போகுதில்ல, பின்னுக்கும் போகுதில்ல, ஊய் எண்டு சத்தம்.

முதல் கேள்விட பதிலை வாசிங்க, நடந்தது அதுதான் போல. திரும்பத் திரும்ப ஸ்டார்ட் பண்ணாம பொக்ஸை இறக்கிப் பம்ப்பைத் திறங்க. ஒயில்ல உலோகத் தூள் மினுமினுப்புக் கண்டா ரேடியேட்டருக்குள்ள இருக்கிற கூலரையும் லைனையும் கழுவாம அடுத்த பம்ப்பைப் போட்டுடாதீங்க.

பொத்துவில்: டொல்பின் வானுக்கு மெனுவல் வண்டியில இருந்த எஞ்சின் கிடைச்சிருக்கு, நம்மட ஓட்டோ பொக்ஸ் அதுக்குப் பூட்டலாமா?

எஞ்சின் குடும்பம் ஒண்டெண்டா பூட்டலாம். பின்சில்லு இழுக்கிற மெனுவல் எஞ்சின்ல கிராங் முனைக்குள்ள சின்ன பைலட் பெயாரிங் ஒண்டு இருக்கும், அதைப் பிடுங்கணும், பிடுங்காட்டி கொன்வேட்டர் மூக்கு அதில முட்டி நிக்கும், நீங்க இடைவெளி எங்க எண்டு தேடிக்கொண்டிருப்பீங்க. பிளைவீல் போல்ட்டைப் பிளெக்ஸ் பிளேட்டுக்குப் போடாதீங்க, நீளம் வேற. எஞ்சினுக்கும் பொக்ஸுக்கும் நடுவில வாற மெல்லிய தகட்டை விட்டாலோ பிளேட்டைப் புரட்டிப் பூட்டினாலோ ஸ்டார்ட்டர் அலறும்.

அம்பாறையில இருந்து ஒரு தங்கச்சி: எல்லாம் பூட்டியாச்சு, ஒயில் எப்படிப் பாக்கிறது?

மட்டமான இடத்தில, வண்டி சூடானதுக்குப் பிறகு, எஞ்சின் ஓட ஓட, கியரை எல்லா இடத்துக்கும் ஒருக்காப் போட்டு பீ-க்குக் கொண்டுவந்திட்டு டிப் ஸ்டிக்கைப் பாருங்க. ஹொண்டாவெண்டா நிப்பாட்டின உடன பாக்கணும். டிப் ஸ்டிக் இல்லாத பொக்ஸும் இருக்கு, அதுக்கு ஒயில்ட சூடு பாத்து, கீழ இருக்கிற லெவல் போல்ட்டைக் கழட்டி அளவு பாக்கணும், கராஜிலதான் செய்யலாம். மகாஓயாவால பதுளைப் பக்கம் ஏத்தம் ஏறுறதுக்கு முந்தி ரெண்டு மூண்டு நாள் ஊருக்குள்ள ஓடி, கீழ ஒரு கார்ட்போர்ட் போட்டு ஒழுக்குப் பாருங்க.