படுத்தால் மூச்சு முட்டுகிறது

கேள்வி: எனக்கு 25 வயது. ஆறு மாதக் கர்ப்பம். பள்ளியில் படிக்கும்போது காய்ச்சலும் மூட்டுவலியும் வந்து, 21 நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போட்டார்கள். வயதுக்கு வந்ததும் நிறுத்திவிட்டோம். இப்போது இரவில் இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியவில்லை. டாக்டர் எக்கோ எடுக்கச் சொன்னார். ‘மாசமானால் எல்லோருக்கும் மூச்சு வாங்கும், சும்மா சும்மா ஸ்கேன் எடுத்தால் பிள்ளைக்கு ஆகாது’ என்கிறார் அத்தை. சுகப்பிரசவம் ஆகுமா?

– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: இதைப் படிக்கும்போது எக்கோ எடுத்து முடித்திருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் நாளைக்கே எடுங்கள். உட்கார்ந்தும் மூச்சு முட்டினாலோ, இருமும்போது இளஞ்சிவப்பு நுரை வந்தாலோ விடியும்வரை காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

அத்தை சொல்வது பாதி சரி. மாசமாக இருக்கும்போது படியேறினால் மூச்சு வாங்கும். மாலையில் கால் கொஞ்சம் வீங்கும். தலையணை அடுக்கிப் படுப்பதை அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. எக்கோவில் கதிர்வீச்சே கிடையாது. வயிற்றில் பிள்ளையைப் பார்க்கும் அதே ஒலி அலைதான், பார்ப்பது நெஞ்சை.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்த 21 நாள் ஊசிதான். தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வரும் ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் தடுக்கப் போடுவது அது. அந்தக் காய்ச்சலில் மூட்டுவலி போய்விடும். இதய வால்வில் தழும்பு தங்கிவிடும். நுரையீரலிலிருந்து இதயத்துக்கு வரும் ரத்தத்துக்குக் கதவாக இருக்கும் மைட்ரல் வால்வு சாதாரணமாக 4 முதல் 6 சதுர செ.மீ. திறக்க வேண்டும். இந்த நோயில் அது மீன் வாய் போலக் குறுகி, 1.5-க்குக் கீழேயும் போகலாம். கல்யாணம்வரை ஒன்றுமே தெரியாமல் இருக்கும். கர்ப்பத்தில் உடம்பில் ரத்தம் 40, 50 சதவீதம்கூட அதிகரிக்கிறது, நாடியும் வேகமாகிறது. அத்தனையும் அந்தக் குறுகிய வழியில் போக முடியாமல் பின்னால் தேங்கி, நுரையீரலில் நீர் கோத்துக்கொள்கிறது. (ஆஸ்துமா என்று நினைத்து இன்ஹேலரோடு வருபவர்களும் உண்டு.)

உங்களுக்கும் இதுதான் என்று கடிதத்தை வைத்து நான் சொல்ல மாட்டேன். அப்படியே இருந்தாலும் அதற்கு வழி இருக்கிறது. நாடியை மட்டுப்படுத்த மாத்திரை, நீர் இறங்க மாத்திரை, ஓய்வு, ரத்தசோகை இருந்தால் அதற்கு மருந்து. பலருக்கு இதுவே போதும். போதாதவர்களுக்கு, தொடை ரத்தக்குழாய் வழியாகப் பலூனைச் செலுத்தி வால்வை விரிக்கிறோம். ஜப்பானிய அறுவை மருத்துவர் கான்ஜி இனோவே 1980-களில் கொண்டுவந்த முறை இது. வயிற்றை ஈயக் கவசத்தால் மறைத்துக் கர்ப்பிணிகளுக்கும் செய்கிறோம். நெஞ்சைத் திறக்க வேண்டியதில்லை. பென்சிலினை மறுபடி தொடங்குவது பற்றியும் டாக்டரிடம் கேளுங்கள். ஒவ்வாமை இல்லாவிட்டால் கர்ப்பத்தில் அதைத் தாராளமாகப் போடலாம்.

சுகப்பிரசவமா? பெரும்பாலும் ஆகும். இதய நோய் என்ற ஒரே காரணத்துக்காகச் சிசேரியன் செய்வதில்லை. வலி தெரியாமல் இருக்க முதுகில் ஊசி போட்டு, அதிகம் முக்க விடாமல் கருவி வைத்துப் பிள்ளையை எடுப்பார்கள். ஆனால் தாய்வீட்டுக்குப் பக்கத்து நர்சிங் ஹோம் இதற்கு வேண்டாம். இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் எந்நேரமும் இருக்கும் பெரிய மருத்துவமனையில் இப்போதே பதிவு செய்யுங்கள். பிள்ளை பிறந்து கருப்பை சுருங்கியதும் ரத்தம் திடீரென்று இதயத்துக்குத் திரும்பும். வலியைவிட அதற்கடுத்த இரண்டு மூன்று நாளுக்குத்தான் நான் பயப்படுவேன். ‘குழந்தை நன்றாக இருக்கிறது, வீட்டுக்குப் போகலாமா?’ என்று நர்ஸை நச்சரிக்கக் கூடாது என்று உங்கள் கணவரிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.