சித்ரா ஸ்டாப்பில் இறங்கிப் பாருங்கள்

கேள்வி: மருத்துவக் கருவிகளை நம் நாட்டிலேயே தயாரிக்க மத்திய அரசு 2023இல் கொள்கை வெளியிட்டது. தமிழ்நாட்டுக்கான மருத்துவக் கருவிப் பூங்கா சென்னைப் பக்கத்து ஒரகடத்துக்குப் போய்விட்டது. கொங்கு நாட்டுக்கும் ஒரு பூங்கா கேட்டு நீங்கள் ஏன் எழுதக் கூடாது?
- வாசகர், பெருந்துறை

பதில்: பூங்கா என்றால் எனக்கு வ.உ.சி. பூங்காதான். கோவையிலும் இருக்கிறது, உங்கள் பக்கம் ஈரோட்டிலும் இருக்கிறது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற இடம். கருவி செய்கிற இடத்துக்கு நம் ஊரில் பட்டறை என்று பெயர். இதை எத்தனையோ முறை எழுதிவிட்டேன், இன்னும் எழுதுவேன்.

கோவையில் ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும் நடந்து பாருங்கள். ஒருவர் வார்ப்பு ஊற்றுவார், அடுத்த வீட்டுக்காரர் லேத்தில் கடைவார், எதிர்வீட்டில் காயில் கட்டுவார்கள். ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் 1937இல் மின் மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. ஆஸ்பத்திரிக் கட்டிலை ஏற்றி இறக்கும் மோட்டாரும், சளி உறிஞ்சும் கருவியின் பம்ப்பும் இவர்கள் கைக்கு வராத வேலையா?

வராதது சோதனைச் சான்றிதழ். 2020இல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். பனியன் தைத்த திருப்பூர்க்காரர்கள் கொரோனா கவச உடை தைக்க உட்கார்ந்தார்கள். கோவை அவினாசி ரோட்டில் பஸ் ஸ்டாப்புக்கே பெயர் கொடுத்த (மக்கள் வாயில் அது ‘சித்ரா’) நம் சிட்ரா என்ற ஜவுளி ஆய்வுக்கூடம் அந்தத் துணியில் செயற்கை ரத்தத்தைச் செலுத்திச் சோதித்தது. தையல் வழியே கசிந்தால் ஃபெயில். ஆய்வுக்கூடம் ஒரு மணி நேரத் தூரத்தில் இருந்ததால், தையல்மேல் டேப் ஒட்டி மறுபடி கொண்டுவர முடிந்தது. அதே வசதி மோட்டார்க்காரருக்கும் பம்ப்காரருக்கும் வேண்டும். அதைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள், வாராவாரம் எழுதுகிறேன்.

அப்புறம், வாங்க ஆள் வேண்டும். மருத்துவக் கருவி செய்பவர்களுக்கு மத்திய அரசு 2020இல் அறிவித்த 3,420 கோடி ரூபாய் ஊக்கத்தொகைத் திட்டம், கூடுதலாக விற்றதற்கு 5 சதவீதம் தருகிறது. முதல் கருவியையே விற்கத் தவிக்கிற சின்னப் பட்டறைக்கு அது எட்டாது. மதுரையில் 1992இல் ஆரோலேப் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யத் தொடங்கியபோது, அதை வைத்துப் பார்க்க அரவிந்த் கண் மருத்துவமனை பக்கத்திலேயே இருந்தது. செய்தவருக்கும் டாக்டருக்கும் நடுவில் தரகர் இல்லை. வெளிநாட்டு லென்ஸின் விலையில் சிறு பங்குக்கு ஏழைக்கும் லென்ஸ் கிடைத்தது. நம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு வாங்கித் தர 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது. சோதனையில் தேறிய உள்ளூர்க் கருவி ஒவ்வொன்றிலும் முதல் நூறை அது வாங்கட்டும். வேறு சலுகையே நான் கேட்க மாட்டேன்.

உங்கள் பெருந்துறையிலேயே அரசு மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது, சிப்காட்டும் இருக்கிறது. கல்லூரி டாக்டர் ஒருவரையும் சிப்காட் ஃபிட்டர் ஒருவரையும் ஒரு டீக்கடையில் உட்கார வையுங்கள். எந்தக் கருவி அடிக்கடி பழுதாகிறது, எந்த உதிரிப் பாகத்துக்கு மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்று டாக்டர் சொல்லட்டும். அதை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழில் இந்தப் பக்கம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.