பெரிய வேவ்மேக்கர் வாங்குவதற்கு முன் பாறையை மூன்று அங்குலம் முன்னால் இழுங்கள்

நான்கு அடிக் கடல்நீர் மீன் தொட்டி. பாறைகளுக்குப் பின்னால் அழுக்குப் படிகிறது. எத்தனை முறை தண்ணீர் மாற்றினாலும், அழுக்கிலிருந்து சேரும் நைட்ரேட் இறங்கவில்லை. தொட்டிக்குள் நீரோட்டம் உண்டாக்கும் பம்பான வேவ்மேக்கரை இன்னும் பெரிதாக வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். நான் வாங்கி ஏமாந்தவன்.

வைகையில் தண்ணீர் வரும் நாளில் மதுரை ஏ.வி. பாலத்தில் நின்று கீழே பாருங்கள். ஆறு எவ்வளவு வேகமாகப் போனாலும், தூணின் பின்புறம் நுரையும் ஆகாயத்தாமரையும் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். தொட்டியிலும் அதே கதைதான். என் பெரிய வேவ்மேக்கர் முன்பக்க மணலை வாரி, அடிக்கண்ணாடி தெரியும்படி செய்தது. பின்னால் இருந்த அழுக்கு அசையவே இல்லை. போதாக்குறைக்கு, நீருக்குள் ஓடும் பம்ப் தின்கிற மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் தொட்டிக்குள் இறங்கும். மதுரையின் சித்திரை வெயிலுக்கு அது வேறு தேவையா?

முதலில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். மருந்துக் கடையில் 60 மில்லி சிரிஞ்ச் வாங்கி, முனையில் ஒரு மெல்லிய குழாயை மாட்டுங்கள். மீன் உணவைப் பொடித்துத் தொட்டி நீரில் கரைத்து, பம்புகள் ஓடும்போதே பாறைக்குப் பின்னால் சிறிது பீய்ச்சுங்கள். துகள் இழுத்துச் செல்லப்பட்டால் கவலையில்லை. அங்கேயே தொங்கி மெல்லக் கீழே இறங்கினால், அதுதான் இடம்.

நான் பாறைகளைக் காம்பவுண்டுச் சுவர் போலப் பின்கண்ணாடியோடு ஒட்டி அடுக்கியிருந்தேன். தவறு அங்கேதான். கை நுழையும் அளவுக்கு, மூன்று அங்குலமாவது முன்னால் இழுங்கள். அடியில் பிவிசி குழாய்த் துண்டுகளைக் கால் போல வைத்து ஓர் அங்குலம் தூக்குங்கள்; கால்கள் மணல்மேல் அல்ல, கண்ணாடித் தரையில் நிற்க வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கலைக்காதீர்கள். வாரத்துக்கு மூன்றில் ஒரு பங்கு போதும். பம்பை நிறுத்தி, அழுக்கைக் குழாயால் உறிஞ்சி எடுத்த பிறகே பாறையை அசையுங்கள். மணல் கறுத்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் கிளறவே கூடாது. அந்த ஹைட்ரஜன் சல்பைடு மீன்களுக்கு விஷம்.

இடையில் ஒன்று: மன்னார் வளைகுடாவிலிருந்து பவளப்பாறை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாங்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

பிறகு ஒரு வேவ்மேக்கரைப் பின்மூலையில், பின்கண்ணாடியை ஒட்டி நீர் ஓடும்படி திருப்பி வையுங்கள். இன்னொன்றை எதிர் முன்மூலையில் வையுங்கள். தண்ணீர் பாறையைப் பிரதட்சிணம் வரும். பாறையும் மணலும் போக உங்கள் தொட்டியில் 200 லிட்டர் இருந்தால், மென்பவளங்களுக்கு மணிக்கு மொத்தம் 4000 லிட்டர் ஓட்டம் தாராளம்.

இதோடு பெரும்பாலும் சரியாகிவிடும். எனக்கு நடுவில் ஒரு சாண் அளவு இடம் மட்டும் அடம்பிடித்தது. அரை அங்குல பிவிசி குழாயில் துளை போட்டு, முனையை அடைத்து, பாறைக்குப் பின்னால் தரையோடு கிடத்தி, சம்ப்பிலிருந்து (பெரிய தொட்டிக்குக் கீழே இருக்கும் வடிகட்டித் தொட்டி) தண்ணீரை மேலே அனுப்பும் பம்போடு இணைத்தேன். ஆசையில் முப்பது துளை போட்டதில் எதிலுமே வேகம் இல்லை. துளைகளின் மொத்தப் பரப்பு குழாயின் உள்வாய்ப் பரப்பைத் தாண்டக்கூடாது என்று பிறகுதான் உறைத்தது. புதுக் குழாயில் 4 மில்லிமீட்டரில் பன்னிரண்டு துளை போட்டேன்; சரியாக வந்தது.

அன்று இரவே மின்சாரம் போனது. பம்ப் நின்றதும் தொட்டித் தண்ணீர் அதே குழாய் வழியாகத் திரும்பி சம்ப்புக்குள் இறங்கியது. சம்ப் நிறைந்து கூடமெல்லாம் உப்புத் தண்ணீர். “அக்னி தீர்த்தம் வீட்டுக்கே வந்துவிட்டது” என்றபடி அம்மா சாக்கை எடுத்துப் போட்டார். நான் குழாயை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு இருட்டில் நின்றேன்.

குழாய் தொட்டிக்குள் இறங்கும் இடத்தில், நீர்மட்டத்துக்கு ஓர் அங்குலம் கீழே ஒரு துளை போட்டால் போதும். மட்டம் அதுவரை இறங்கியதும் காற்று புகுந்து ஓட்டம் அறுந்துவிடும். அந்த ஓர் அங்குலத் தண்ணீரைத் தாங்க சம்ப்பில் இடம் விட்டு வையுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்பாதீர்கள். உப்பும் பாசியும் சேர்ந்து அதை மூடவிடாமல் செய்துவிடும். துளையையும் பாசி அடைக்கும் என்பதால் ஞாயிறுதோறும் பல்குச்சியால் குத்திவிடுகிறேன். முதல்முறை மாட்டியதும் நீங்களே பகல் வெளிச்சத்தில் சுவிட்சை அணைத்து, சம்ப் எதுவரை ஏறுகிறது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துவிடுங்கள்.