வெள்ளத்துக்கு ஒரு கோட்டு

கேள்வி: ஒவ்வொரு குளிர்காலத்திலும் எங்காவது வெள்ளம் வந்துவிடுகிறது. இந்த முறை எங்கள் குடியிருப்போர் சங்கம் முன்கூட்டியே நிவாரணப் பொருள் சேர்க்க ஆரம்பித்துவிட்டது. பழைய துணி மட்டும் பதினாறு மூட்டை சேர்ந்திருக்கிறது. சிறுதுளி பெருவெள்ளம்தானே? தங்கள் மேலான ஆலோசனை தேவை. (மதுரை வாசகி ஒருவர்)

பதில்: குளிர்காலம் என்று எழுதி என்னைச் சண்டைக்கு இழுத்துவிட்டீர்கள், அம்மா. இந்திய வானிலைத் துறையின் கணக்கில் குளிர்காலம் என்றால் ஜனவரியும் பிப்ரவரியும்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரை அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'பருவமழைக்குப் பிந்தைய காலம்'. அதாவது மழை முடிந்தது, குடையை மடித்துப் பரணில் போடலாம். தமிழ்நாட்டின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி இந்தப் 'பிந்தைய' மூன்று மாதத்தில்தான் கொட்டுகிறது. 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர், 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். எல்லாம் மழை முடிந்த பிறகு பெய்த மழை! தெற்கே இருப்பவர்களுக்கு மட்டும் 'வடகிழக்குப் பருவமழை' என்று ஒரு சலுகைப் பெயர் உண்டு. அதையும் பின்னிணைப்பு மாதிரிதான் சொல்வார்கள். இதை இந்தப் பக்கத்தில் நான் எழுதுவது நாலாவது தடவை. எங்கள் மெய்ப்புத் திருத்துநர் ஓரத்தில் பென்சிலால் 'போதும் சார்' என்று குறித்திருக்கிறார். போதாது.

நம் பழைய ஆட்கள் ஐப்பசி, கார்த்திகைக்குக் கூதிர் என்று பெயர் வைத்தார்கள். 'கூதலடிக்குது' என்று தெற்கத்திப் பாட்டிகள் இன்றைக்கும் சொல்கிறார்களே, அதே கூதல். சங்கப் புலவர் ஒருவர் இந்தப் பருவத்தைப் பாடத் தொடங்கும்போதே வெள்ளம் வந்துவிடுகிறது. வெள்ளத்தை வெறுத்த கோவலர்கள் மாடுகளை வேறு நிலத்துக்கு ஓட்டிப் போகிறார்கள். அங்கே கூட்டமாக நெருப்பைச் சுற்றி நின்றும் கன்னம் நடுங்குகிறது. மாடு மேய மறக்கிறது, குரங்கு கூனிக் குறுகுகிறது. மலைக்கே குளிரெடுத்த மாதிரி என்கிறார். மேட்டில் ஏறித் தப்பித்தவனுக்கு முதல் எதிரி ஈரம், பசியெல்லாம் அதற்கப்புறம்தான் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கோவலர்களுக்கு யாரும் பதினாறு மூட்டை பழைய துணி அனுப்பவில்லை. கொடுத்துவைத்தவர்கள்.

மூட்டை விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு. 2015-இல், 1878 முதல் வந்துகொண்டிருக்கும் ஆங்கில நாளிதழான 'தி இந்து'வே, அச்சகத்துக்கு ஆள் போய்ச் சேர முடியாமல் டிசம்பர் 2 அன்று சென்னையில் வெளிவரவில்லை. நாங்கள் எம்மாத்திரம்? இதழை ஓரமாக வைத்துவிட்டு அலுவலக வராந்தாவில் மூட்டை பிரித்தோம். வந்ததைச் சொல்கிறேன்: ஜிப் போன கால்சட்டைகள், புடவையை எங்கேயோ விட்டுவிட்டு வந்த ஜரிகை ரவிக்கைகள், இடது காலுக்கு மட்டும் மூன்று ஷூ, அப்புறம் ஒரு கோட்டு. கறுப்பு, வரவேற்புக்குத் தைத்தது, அளவு 42. உள்பையில் மொய்க் கவர் ஒன்று, பணமில்லாமல். ஆனால் கவரின் மேல் ஒட்டிய ஒரு ரூபாய் நாணயம் அப்படியே இருந்தது.

அதைத் தூக்கிப் போட மனம் வரவில்லை. கடலூர் முகாம் ஒன்றுக்குப் போன வண்டியில் ஏற்றினோம். அங்கே ஒரு பெரியவர் போட்டுப் பார்த்துவிட்டு, "கோர்ட்டுல வாய்தாவுக்குப் போற மாதிரி இருக்கு, வேணாம் தம்பி" என்று கழற்றிக் கொடுத்தாராம். கோட்டு திரும்பி வந்தது. 2018 நவம்பரில் கஜா புயல். டெல்டாவுக்குப் போன இளைஞர்கள் கையில் கொடுத்தனுப்பினேன். இந்த முறை திரும்பவில்லை. யாரோ ஒருவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டது என்று மகிழ்ந்தேன். 2023 டிசம்பரில் தூத்துக்குடிக்காக வந்த மூட்டைகளை அதே வராந்தாவில் பிரிக்கிறோம். நாலாவது மூட்டையில் கறுப்பாக ஒரு கை தெரிகிறது. உள்பையைத் தடவினேன். மொய்க் கவர், ஒரு ரூபாய். ஒரு புயல், இரண்டு வெள்ளம் பார்த்தும் அந்த நாணயத்துக்குச் சேதாரம் இல்லை.

சரி, ஆலோசனை கேட்டீர்கள். முதலில் அந்தப் 'பெருவெள்ளம்' பழமொழியை, வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் பார்த்தவர் காதில் விழாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, உதவி முதலில் வருவது பக்கத்திலிருந்துதான். 2015-இல் சென்னைத் தெருக்களுக்கு மீனவர்கள் தங்கள் படகைக் கொண்டுவந்தார்கள். 2023 டிசம்பர் 17 இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தோடு நின்றுபோனது. தண்டவாளம் அந்தரத்தில் தொங்கியது, அடியில் மண் இல்லை. சுமார் 800 பயணிகள். பக்கத்துப் புதுக்குடிக்காரர்கள், தங்கள் ஊரே மழையில் நொந்து கிடக்கும்போது, உலை வைத்து அவர்களுக்குச் சோறு போட்டார்கள். உங்கள் சங்கம் எவ்வளவு வேகமாகக் கிளம்பினாலும் புதுக்குடியை முந்த முடியாது. முந்த வேண்டாம். பத்தாவது நாள் போங்கள்.

முதல் மூன்று நாள் பெரிய சாலை ஓரத்து ஊருக்கு ஆறு வண்டி வரும். காலையில் மூன்று வகைச் சாதம், இரவில் நாலு வகை. உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தெருவுக்கு ஒன்றும் வராது. 2015-இல் கடலூர் மாவட்டம் நவம்பர் இரண்டாம் வாரத்திலேயே மூழ்கியது. டிசம்பரில் சென்னை மூழ்கியதும் எல்லோர் முகமும் இந்தப் பக்கம் திரும்பிவிட்டது. பத்தாவது நாள் கேமராவும் இருக்காது, சாம்பார் சாதமும் இருக்காது. வீட்டுக்குள் முழங்கால் உயரச் சேறு மட்டும் இருக்கும். அதை அள்ள மண்வெட்டி, இரும்புச் சட்டி, துடைப்பம், பிளீச்சிங் பவுடர், காலுக்கு ரப்பர் பூட்ஸ். வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் நடந்தால் எலிக்காய்ச்சல் வரலாம். பாய், போர்வை, கொசுவலை, நாப்கின் எல்லாம் புதிதாக இருக்கட்டும். பிள்ளைகளின் நோட்டுகள் கூழாகியிருக்கும், அதையும் கேளுங்கள்.

கேளுங்கள் என்றுதான் சொல்கிறேன். அந்த ஊரில் ஒரு ஆசிரியை, ஒரு கிராம செவிலியர், ஒரு டீக்கடைக்காரர், யாராவது ஒருவரின் எண்ணைப் பிடித்து 'என்ன வேண்டும்' என்று கேளுங்கள். 'ஒண்ணும் வேணாங்க, கரண்டு வந்தாப் போதும்' என்று சொன்னால் மனம் கோணாதீர்கள். பணமாகச் சேர்த்து வைத்திருந்தால் அது கெட்டுப்போகாது, அடுத்த தெருவுக்கு ஆகும்.

பதினாறு மூட்டையையும் மொட்டை மாடியில் பிரித்து, நீங்கள் உடுத்துவீர்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு மூட்டை தேறினால் பெரிது. பிரிக்கும்போது கறுப்பில் அளவு 42 கோட்டு அகப்பட்டால் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். 2023-இல் யாரோ தவறுதலாகத் தூத்துக்குடி வண்டியில் ஏற்றிவிட்டார்கள், அதற்கப்புறம் தகவல் இல்லை. உள்பையில் ஒரு ரூபாய் இருக்கும்.