செத்த ஆட்டை ஏன் அறுக்கக் கூடாது?

கேள்வி: எங்கள் பட்டியில் பத்து நாளைக்குள் இரண்டு செம்மறிகள் திடீரென்று செத்தன. காலையில் நன்றாக மேய்ந்தவை மதியம் நடுங்கி விழுந்தன. மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த ரத்தம். முதல் ஆட்டை வீணாக்க வேண்டாமென்று அறுத்துக் கூறு போட்டோம், தோலை வியாபாரிக்கு விற்றோம். இரண்டாவதைப் பயந்துபோய் அப்படியே புதைத்துவிட்டோம். தோலுரித்த மச்சானுக்கு இப்போது மணிக்கட்டில் கொப்புளம், நடுவில் கறுப்பு, வலியே இல்லை என்கிறார். அமெரிக்காவில் கடிதத்தில் பொடி வைத்து அனுப்பிக் கொன்றார்களே, அந்த ஆந்த்ராக்ஸ்தான் இது என்கிறாள் மகள். உண்மையா? வெளியே சொன்னால் வம்பு வருமா?

பதில்: முதலில் மச்சானை மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். இன்றைக்கே. மீதியை அப்புறம் படிக்கலாம். மருத்துவரிடம் கொப்புளம் என்று மட்டும் சொல்லாமல், திடீரென்று செத்த ஆட்டைத் தோலுரித்த கை என்று சொல்லுங்கள். வலியில்லாத கறுப்புப் பொருக்கும் சுற்றிலும் வீக்கமும் தோலில் வரும் ஆந்த்ராக்ஸின் அடையாளம். கிரேக்க மொழியில் அந்தப் பெயருக்கே கரி என்றுதான் பொருள். உரிய ஆன்டிபயாடிக் கொடுத்தால் இந்த வகையில் சாவு மிக அரிது. கொடுக்காமல் விட்டால் நூற்றுக்கு 20 பேர் வரை இறக்கலாம். அறுத்தவர், சமைத்தவர், சாப்பிட்டவர் எல்லோருடைய பெயரையும் மருத்துவரிடம் கொடுங்கள். யாருக்காவது காய்ச்சல், வயிற்றுவலி, ரத்தபேதி, தொண்டை வீக்கம் இருந்தால் காத்திருக்க வேண்டாம். மச்சானை ஒதுக்கி வைக்காதீர்கள். இது இருமலில் தும்மலில் ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. புண்ணை வெறுங்கையால் தொடாதிருந்தால் போதும்.

மகள் சொன்னதில் தவறில்லை. நம் ஆட்டுக்காரர்கள் அடைப்பான் என்று சொல்வதும் அதே கிருமிதான். செத்த ஆட்டின் உடலுக்குள் பூட்டியே இருந்தால், அழுகும்போது அது சில நாளில் பெரும்பாலும் அழிந்துவிடும். அறுத்தால் ரத்தம் காற்றைப் பார்க்கிறது. அப்போது கிருமி தன்னைச் சுற்றி ஓடு கட்டிக்கொண்டு விதைபோல் ஆகிவிடுகிறது. அந்த விதை வெயில், மழை எல்லாம் தாங்கி மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். சாதாரணச் சமையல் சூட்டை நம்பவும் முடியாது.

ஆயுதம் செய்தவர்களுக்குப் பிடித்ததும் அந்த ஓடுதான். 2001இல் அமெரிக்காவில் வந்த கடிதங்களால் 22 பேர் நோயுற்றார்கள், 5 பேர் இறந்தார்கள். அந்த உறைகளைத் திறந்தே பார்க்காத வாஷிங்டன் தபால் ஊழியர்கள் இருவரும் அதில் அடக்கம். தபால்களை வகை பிரிக்கும் இயந்திரம் உறைகளை அழுத்தியபோது, காகிதத்தின் நுண்துளை வழியாகவே பொடி கசிந்திருக்கிறது.

அதற்கு முன் 1979 ஏப்ரலில் சோவியத் நகரான ஸ்வெர்ட்லோவ்ஸ்கில் ஒரு ராணுவக் கூடத்திலிருந்து கிருமித்தூள் காற்றில் கலந்து, குறைந்தது 66 பேர் இறந்தார்கள். கெட்ட கறி தின்றதால் வந்தது என்று அரசு சாதித்தது. கறியாலும் இந்த நோய் வரும் என்பதால் அந்தப் பொய் பல ஆண்டுகள் எடுபட்டது. ஃபைனா அப்ரமோவா, லெவ் கிரின்பெர்க் என்ற இரண்டு நோயியல் மருத்துவர்கள் இறந்தவர்களின் திசுக்களை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். அவற்றில் நோயின் சுவடு நுரையீரல் பக்கம் இருந்தது. மூச்சோடு போன கிருமி அது. 1992இல்தான் ரஷ்ய அதிபர் யெல்ட்சின் உண்மையை ஒப்புக்கொண்டார். வெளியே சொன்னால் வம்பா என்று நீங்கள் கேட்டதால்தான் இதை இவ்வளவு சொல்கிறேன். இந்த நோயை மறைத்தால் சாவுதான் கூடும். நம் நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி அடைப்பான் தெரிவித்தே ஆகவேண்டிய நோய். கால்நடை மருந்தகத்தில் போய்ச் சொல்லுங்கள், தயங்காதீர்கள்.

புதைத்ததைத் தோண்ட வேண்டாம். இன்னொரு ஆடு செத்தால் கத்தி வைக்காமல், நாய் நெருங்காமல் பார்த்துக்கொண்டு கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள். காதின் ரத்தக் குழாயிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் அவருக்குப் போதும். கண்ணாடியில் தடவி நீலச் சாயம் ஏற்றிப் பார்த்தால், மூங்கில் துண்டுகளைக் கோத்து வைத்ததுபோல் நீலக் குச்சிகளும், அவற்றைச் சுற்றி இளஞ்சிவப்புப் படலமும் தெரியும். ஒருமுறை பார்த்தவருக்கு மறக்காது.

மிச்சமுள்ள ஆடுகளுக்குத் தடுப்பூசி கேளுங்கள். அதில் வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி இருப்பதால், அதோடு நீங்களாக ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டால் ஊசி வீணாகிவிடும். எதை முதலில் போடுவது என்று மருத்துவர் சொல்லட்டும். ஆட்டை அறுத்த இடத்தை முள்வேலி போட்டு மறியுங்கள், மேய்ச்சலை வேறு பக்கம் மாற்றுங்கள். ரத்தம் சிந்திய மண்ணை என்ன செய்வது என்பதைக் கால்நடை மருந்தகத்தார் பார்த்துக்கொள்வார்கள்.

அப்புறம் அந்தத் தோல். வாங்கிய வியாபாரிக்கு இன்றே போன் போடுங்கள். அது இப்போது யார் கையில் இருக்கிறது, அதை உப்புப் போட்டவர் கையில் கொப்புளம் ஏதும் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். பதில் எதுவானாலும் அதையும் கால்நடை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.