கணிதமா, இயற்பியலா?

கேள்வி: கல்லூரியில் கணிதம் எடுப்பதா, இயற்பியல் எடுப்பதா என்று குழப்பமாக இருக்கிறது. கணிதம் இல்லாமல் இயற்பியலே இல்லை, அதனால் கணிதம்தான் முக்கியம் என்கிறான் நண்பன். சரியா?

பதில்: பாதி சரி. இன்றைய இயற்பியல் கணிதம் இல்லாமல் ஓர் அடிகூட நகராது, ஆனால் கணிதம் மட்டுமே போதும் என்றால், கணக்குப் போட்டே ஒரு கோளைக் கண்டுபிடித்த பிரெஞ்சு வானியலாளர் லெவெரியேவுக்கு இரண்டாம் முறையும் பலித்திருக்க வேண்டும்.

யுரேனஸ், கணக்கிட்ட பாதையை விட்டு விலகி ஓடிக்கொண்டிருந்தது. அப்பால் இன்னொரு கோள் இருந்து அதை இழுக்கிறது என்று வைத்துக்கொண்டு, அந்தக் கோள் எங்கே இருக்க வேண்டும் என்பதைக் காகிதத்திலேயே கணக்குப் போட்டு பெர்லின் வானாய்வகத்துக்கு எழுதினார் லெவெரியே. 1846 செப்டம்பர் 23 இரவு, அவர் சொன்ன இடத்திலிருந்து ஒரு டிகிரிக்குள்ளேயே நெப்டியூன் கிடைத்தது! அப்புறம் புதன் கோளின் பாதையிலும் ஒரு சின்ன விலகல். அதே ஆள், அதே முறை, சூரியனுக்குப் பக்கத்தில் ஒரு கோள் இருக்கும் என்றார், வல்கன் என்று பெயரும் வைத்தாயிற்று. அப்படி ஒரு கோளே இல்லை. கணக்குப் போட்ட முறையில் குறையில்லை, நியூட்டனின் ஈர்ப்பு விதிதான் அங்கே போதவில்லை. ஒரு டிகிரியை 3600 பங்காக்கினால் அதில் 43 பங்கு, அதுவும் 100 ஆண்டுகளில் சேர்வது, அவ்வளவுதான் அந்த விலகல். அதற்கு 1915இல் ஐன்ஸ்டைன்தான் விடை சொன்னார், அதற்கு அவர் நம்பியிருந்தது, கணிதவியலாளர் ரீமான் 1854இல் தொடங்கிவைத்த, வளைந்த வெளிகளுக்கான வடிவியலை.

கணிதத்தில் நிரூபணம் சரியாக இருந்தால் பேச்சு முடிந்தது, பகா எண்களுக்கு முடிவில்லை என்று யூக்ளிட் காட்டியது இன்றும் அப்படியே நிற்கிறது. இயற்பியலில் எவ்வளவு அழகாகக் கணக்குப் போட்டாலும் இயற்கை ஆமாம் சொல்ல வேண்டும். இந்த இரண்டில் எது உங்களுக்கு நிம்மதி தருகிறது என்று பாருங்கள். ஊசல் கணக்கில் கோணம் θ சிறியது என்று sin θ-வை θ என்றே எடுத்துக்கொள்ளச் சொல்வார்களே, அங்கே ‘எப்படி அப்படி எடுக்கலாம், பிழை எவ்வளவு’ என்று மனம் அரித்தால் கணிதம் எடுங்கள். ஒரு நூலைக் கட்டித் தொங்கவிட்டு நேரம் பார்க்கத் தோன்றினால் இயற்பியல்.

இரண்டுமே தோன்றுகிறதா? நான் இயற்பியலைத்தான் சொல்வேன். நேரியல் இயற்கணிதத்தையும் வகைக்கெழுச் சமன்பாடுகளையும் கூடவே கணிதத் துறை வகுப்பில் போய்ப் படித்துக்கொள்ளலாம், ஆய்வகத்தில் கை பழகுவதைப் பிறகு தனியாகக் கற்பது சிரமம்.