இடுப்பு டிஸ்க் பிதுங்கல்: படத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்

கேள்வி: சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கும் எனக்கு வயது 45. இடுப்புவலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. படத்தில் இடுப்பின் நான்காம், ஐந்தாம் முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் எல்4–எல்5 டிஸ்க் புடைத்திருப்பதாகச் சொல்கிறார்கள். காலில் வலி இல்லை. அறுவைச் சிகிச்சை தேவையா?

தேவையில்லை. வலியே இல்லாதவர்களைப் படமெடுத்த ஆய்வுகளை 2015இல் தொகுத்துப் பார்த்தபோது, 20 வயதினரில் 30 விழுக்காட்டினருக்கும் 80 வயதினரில் 84 விழுக்காட்டினருக்கும் டிஸ்க் புடைப்பு இருந்தது. பிதுங்கிய டிஸ்க் நரம்பு வேரை அழுத்தினால், வலி பிட்டத்திலிருந்து முழங்காலுக்குக் கீழே இறங்கும். மல்லாந்து படுத்திருப்பவரின் காலை மடக்காமல் உயர்த்தும்போது 30 முதல் 70 பாகைக்குள் அதே வலி கிளம்பும். எல்5 எனப்படும் நரம்பு வேர் பாதிக்கப்பட்டால் கால் பெருவிரலைத் தூக்கும் வலிமை குறையும். இந்த அறிகுறிகள், படத்தில் தெரியும் மட்டத்தோடும் பக்கத்தோடும் பொருந்தினால்தான் நான் அறுவைச் சிகிச்சை பற்றிப் பேசவே தொடங்குவேன். வெறும் இடுப்புவலிக்காக டிஸ்க்கை அறுத்தெடுத்துவிட்டு, வலி அப்படியே இருக்கிறது என்று வருபவர்களைப் பார்க்க எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: மூன்று வாரமாக இடக்காலில் வலி இறங்குகிறது. பலதுறை மருந்தகத்தில் மாத்திரை கொடுத்துக் காத்திருக்கச் சொன்னார்கள். காத்திருக்கலாமா?

கால் பலவீனமாகாத வரை காத்திருக்கலாம். பெரும்பாலானோருக்கு 6 முதல் 12 வாரத்துக்குள் வலி தணிந்துவிடும்; வெளியே வந்த டிஸ்க் துண்டை உடலே கரைத்துக்கொள்வதும் உண்டு. படுத்தே கிடக்காமல், முடிந்த அளவு நடமாடுங்கள். அதன் பிறகும் வலி வாட்டினால், முதுகில் சில சென்டிமீட்டர் மட்டும் கீறி, நுண்ணோக்கியின் துணையோடு நரம்பை அழுத்தும் துண்டை அகற்றும் 'மைக்ரோடிஸ்கெக்டமி' செய்யலாம். அதில் டிஸ்க் முழுவதும் எடுக்கப்படுவதில்லை. கால்வலி விரைவில் குறையும், மரத்துப்போன உணர்வு திரும்ப மாதக்கணக்கில் ஆகலாம். மருத்துவச் சேமிப்பான மெடிசேவ், அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் இரண்டையும் பயன்படுத்தலாம் என்றாலும், உத்தேசக் கட்டணத்தை முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு மறுபடியும் பிதுங்குமா?

சிலருக்குப் பிதுங்கும். முதல் சில வாரங்கள் குனிந்து பாரம் தூக்காதீர்கள். புகைப்பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

கேள்வி: என் தாயாருக்கு நேற்றிலிருந்து தொடையிடுக்கு மரத்திருக்கிறது, சிறுநீரும் பிரியவில்லை. எந்த மருத்துவரிடம் முன்பதிவு செய்வது?

இவருக்கு அன்றே தொலைபேசியில் பதில் சொல்லிவிட்டேன். மற்றவர்களும் அறியவே இங்கே எழுதுகிறேன். முதுகுத்தண்டின் அடியில் உள்ள நரம்புக்கற்றை முழுவதும் நசுங்குவதன் அடையாளமாக இது இருக்கலாம். முன்பதிவுக்குக் காத்திராமல் உடனே மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள், அல்லது ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். தாமதமானால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.